டேக்-ஆஃபில் விதியா, கைத்திறனா? பைலட்டுகளின் ஓயாத வாதம்: ஓர் எளிய அறிமுகம்

ஒரு பயணிகள் விமானம் ஓடுபாதையில் உருளத் தொடங்கியதிலிருந்து தரையை விட்டு எழும்ப அரை நிமிடம், கொஞ்சம் கனமான விமானம் என்றால் முக்கால் நிமிடம் ஆகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது ஓர் உறுமல், முதுகை இருக்கையோடு அழுத்தும் ஒரு தள்ளல், அவ்வளவுதான். காக்பிட்டில் இருக்கும் இருவரும் அந்த நேரத்தில் அதிகம் பேசுவதில்லை. பேசும் சில சொற்களும் முன்கூட்டியே எழுதிவைத்தவை: "80 நாட்", "வி1", "ரொட்டேட்", "பாசிட்டிவ் ரேட்", "கியர் அப்".

இப்படி எழுதியதை எழுதியபடி சொல்லி, செய்யச் சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்வதை எஸ்ஓபி என்கிறார்கள், அதாவது நிலையான செயல்முறை. பைலட்டுகள் இதைப் பற்றி வாதாடாத நாளே இல்லை. ஒரு தரப்பு சொல்வது: "விதியை விட்டு விலகிய இடத்தில்தான் விபத்து நடக்கிறது, ஒரு எழுத்துகூட மாற்றாதே." மறுதரப்பு சொல்வது: "வரிசையை ஒப்பிக்கப் பழகியவர்கள் விமானத்தைப் பறக்கவைக்க மறந்துவிட்டார்கள். விமானம் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பழுதாவதில்லை."

என்னைக் கேட்டால் இதில் பாதி வெறும் சண்டைக்காகப் போடும் சண்டை. மீதிப் பாதி உண்மையான கேள்வி. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வி1 என்ற எண்

ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கும் முன்னால் மூன்று வேகங்களைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வார்கள். வேகத்தைச் சொல்வது நாட் கணக்கில். 1 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். விஆர் என்பது மூக்கைத் தூக்க வேண்டிய வேகம். வி2 என்பது ஒரு இன்ஜின் செத்துப்போனாலும் பத்திரமாக மேலேறப் போதுமான வேகம். இவற்றுக்கெல்லாம் முன்னால் வருவது வி1. விமானத்தின் எடை, வெயில், காற்று, ஓடுபாதையின் நீளம், ஈரமா காய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து இது மாறும்.

வி1-க்கு முன்னால் இன்ஜின் நின்றால் பிரேக் பிடித்து ஓடுபாதைக்குள் நின்றுவிடலாம். வி1-ஐத் தாண்டிவிட்டால் மிச்சமிருக்கும் ஓடுபாதையில் நிற்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் இன்ஜினை வைத்து எழும்பிவிட முடியும். எனவே வி1-க்குப் பிறகு நிற்காதே, போ. இதுதான் விதி.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. வி1 வந்ததும் முடிவெடுக்க ஆரம்பிக்கலாம் என்று அர்த்தமில்லை. நிறுத்துவதென்றால், நிறுத்துவதற்கான முதல் செயல் வி1-க்குள் தொடங்கியிருக்க வேண்டும். 150 நாட் வேகத்தில் விமானம் விநாடிக்கு 77 மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடி "என்ன பண்ணலாம்?" என்று தடுமாறினால் 230 மீட்டர் ஓடுபாதை போய்விட்டது. அதனால்தான் முடிவை முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் கேப்டனின் கை, இன்ஜினின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர் மேலேயே இருக்கும், நிறுத்த வேண்டி வந்தால் உடனே இழுக்க. "வி1" என்ற குரல் வந்ததும் அந்தக் கையை எடுத்துவிட வேண்டும். கை அங்கேயே இருந்தால் பதற்றத்தில் இழுக்கத் தோன்றும்.

வி1-க்கு முன்னாலும் இரண்டு கட்டம் உண்டு. போயிங்கில் 80 நாட், ஏர்பஸ்ஸில் 100 நாட் வரை எந்தச் சின்ன எச்சரிக்கைக்கும் நிறுத்தலாம். அதற்கு மேல் போய்விட்டால் சில காரணங்களுக்கு மட்டும்தான்: தீ, இன்ஜின் செயலிழப்பு, முன்னால் ஆபத்தான காற்று மாற்றம் இருப்பதாக வரும் எச்சரிக்கை, அப்புறம் "விமானம் பாதுகாப்பாக இல்லை அல்லது பறக்க முடியாத நிலை" என்று தோன்றுவது. இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். இறுக்கமான பட்டியலின் கடைசியில் ஒரு கதவை மூடாமல் விட்டிருக்கிறார்கள். பறக்க முடியாது என்று எப்படித் தெரியும்? அதற்கு எண் கிடையாது. பைலட்டின் கைக்கும் கண்ணுக்கும்தான் தெரிய வேண்டும்.

விதியை விட்டவர்களும், ஒப்பித்தவர்களும்

விதிக்கட்சியின் பக்கம் பலமான சாட்சிகள் இருக்கின்றன. 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 என்ற எம்டி-82 விமானம் ஃபிளாப்பை, அதாவது குறைந்த வேகத்தில் தூக்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் தகட்டை, இறக்காமலேயே ஓடியது. ஓடுபாதையை நோக்கி உருண்டு போகும்போது (டாக்ஸி) படிக்க வேண்டிய செக்லிஸ்ட்டைப் படிக்கவில்லை. எச்சரிக்க வேண்டிய கருவிக்கும் மின்சாரம் போகவில்லை. 156 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் பிழைத்தது ஒரு சின்னக் குழந்தை மட்டும். 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் 5022. அதே எம்டி-82, அதே இறக்காத ஃபிளாப், ஒலிக்காத அதே எச்சரிக்கை, 154 பேர். எவ்வளவு திறமையான கை இருந்தாலும் ஃபிளாப் இல்லாத இறக்கை அந்த வேகத்தில் தூக்காது.

ஆனால் செக்லிஸ்ட்டைப் படித்தால் மட்டும் போதுமா? 1982 ஜனவரி 13, வாஷிங்டன், கொட்டும் பனி. ஏர் ஃபுளோரிடா 90 என்ற போயிங் 737-200 கிளம்பத் தயாராகிறது. இன்ஜினில் பனி உறையாமல் காக்கும் அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று செக்லிஸ்ட்டில் ஒருவர் கேட்கிறார். அணைந்திருக்கிறது என்று மற்றவர் பதில் சொல்கிறார். கேள்வி சரி, பதிலும் உண்மை, அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது "கேஸை மூடினாயா?" என்றால் திரும்பிப் பார்க்காமலே "மூடிட்டேன்" என்போமே, அந்த மாதிரி. பனியில் அந்த அமைப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று இருவருக்கும் உறைக்கவில்லை.

விளைவு, இன்ஜினின் முன்பக்க அழுத்தத்தை அளக்கும் குழாயில் பனி அடைத்து, காக்பிட் கருவி பொய் சொன்னது. உந்துவிசையைக் காட்டும் அந்தக் கருவியில் 2.04 என்று இருந்தபோது உண்மையில் கிடைத்தது 1.70 அளவுதான். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கோ-பைலட் சரியாக இல்லையே என்று ஒருமுறைக்கு மேல் சொன்னார். வி1-க்கு வெகு முன்னரே. கேப்டன் நிறுத்தவில்லை. எழும்பிய பிறகும், விமானம் தள்ளாடும்போதுகூட, லீவரை முழுக்கத் தள்ளுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்கள். போடோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதி 78 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் பாலத்தில் வாகனங்களில் இருந்தவர்கள்.

இந்த விபத்தை இரண்டு தரப்புமே தங்களுக்குச் சாதகமாகச் சொல்லும். இரண்டுமே சரிதான். செக்லிஸ்ட்டை மனதோடு படித்திருந்தால் தப்பியிருப்பார்கள். விமானம் மெதுவாக வேகமெடுப்பதை உணர்ந்து லீவரை முன்னால் தள்ளியிருந்தாலும் தப்பியிருப்பார்கள்.

விதியைக் காப்பாற்றி இறந்தவர்கள்

விவாதத்தில் எனக்கு மிகவும் சங்கடமான உதாரணம் இது. 1979 மே 25, சிகாகோ ஓஹேர் விமான நிலையம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 191, டிசி-10 விமானம், லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்பாடு. வி1 தாண்டியாயிற்று, மூக்கு எழும்புகிறது. அந்த நேரத்தில் இடது இன்ஜின் இறக்கையிலிருந்து பிய்ந்து, இறக்கைக்கு மேலே சுழன்று ஓடுபாதையில் விழுந்தது. பராமரிப்பின்போது இன்ஜினையும் அதைத் தாங்கும் பாகத்தையும் ஃபோர்க்லிஃப்ட்டால் ஒன்றாகக் கழற்றி மாட்டியதில் விழுந்த விரிசல் அது.

காக்பிட்டிலிருந்து இறக்கையோ இன்ஜினோ தெரியாது. ஒரு இன்ஜின் நின்றுவிட்டது என்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. விதிப்படி போனார்கள், சரியாகப் போனார்கள். ஒரு இன்ஜின் இல்லாமல் ஏறும்போது வி2 வேகத்தில் ஏறு என்பது அந்தக் காலத்து விதி. அன்றைய வி2 153 நாட். விமானம் அப்போது 172 நாட்டில் இருந்தது. ஆகவே மூக்கைச் சற்று உயர்த்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று: பிய்ந்த இன்ஜின் போகும்போது ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துவிட்டது. அதனால் இடது இறக்கையின் முன்விளிம்பில் நீட்டியிருந்த ஸ்லாட்டுகள் காற்றின் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டன. குறைந்த வேகத்திலும் இறக்கை தூக்குவதற்காக இருப்பவைதான் ஸ்லாட்டுகள். அவை இல்லாமல் இடது இறக்கை 159 நாட்டுக்குக் கீழே தாங்காது. வேகம் 159-ஐத் தொட்டது. இடது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தது. விமானம் இடப்பக்கம் புரண்டது. எச்சரிக்க வேண்டிய கருவிகளுக்கு மின்சாரம் வந்ததே அந்தப் பிய்ந்த இன்ஜினிலிருந்துதான். தரையை விட்டு எழும்பி அரை நிமிடம், 273 உயிர்கள்.

அந்த 172 நாட்டை அப்படியே வைத்திருந்தால் பறந்திருக்கும் என்று பின்னர் சிமுலேட்டரில் தெரியவந்தது. "பார்த்தீர்களா, விதி கொன்றுவிட்டது" என்று கைத்திறன் கட்சி இங்கே கை தட்டும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எந்த மகாபைலட்டுக்கும் அந்த முப்பது விநாடியில் ஸ்லாட் உள்ளே போனது தெரிந்திருக்க வழியில்லை. விதி எழுதியவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு எழுதினார்கள்: இன்ஜின் மட்டும்தான் போயிருக்கும், இறக்கை முழுதாக இருக்கும் என்று. அந்த அனுமானம் உடைந்தது, விதியும் உடைந்தது. இன்றைக்குக் கையேடுகள் வேறு மாதிரி சொல்கின்றன: ஏற்கெனவே வி2-வைவிடக் கொஞ்சம் அதிக வேகத்தில் இருந்தால் அதைக் குறைக்காதே, அப்படியே வைத்துக்கொள்.

விதியை மீறிப் பிழைத்தவர்கள்

இனி நேரெதிர்க் கதை. 2017 மார்ச் 8, டெட்ராய்ட்டுக்கு அருகே வில்லோ ரன் விமான நிலையம். அமெரிஸ்டார் நிறுவனத்தின் எம்டி-83, மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி உள்ளிட்ட 116 பேர். அன்று பலத்த காற்று. இடது இருக்கையில் இந்த ரக விமானத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அனுபவமுள்ள கேப்டன்; வலது இருக்கையில் அவரை மதிப்பிடும் மூத்த பைலட்.

"வி1" என்றாயிற்று. "ரொட்டேட்" என்றாயிற்று. கேப்டன் இழுத்தார். மூக்கு எழவில்லை. இன்னும் இழுத்தார். எழவில்லை. 170 நாட்டை ஒட்டிய வேகத்தில், வி1-ஐ வெகுவாகத் தாண்டிய பிறகு, நிறுத்துகிறேன் என்று சொல்லி லீவரைப் பின்னால் இழுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரின் முதல் பேச்சு, வி1-க்கு மேல் அப்படிச் செய்யக்கூடாது என்ற மறுப்புதான். ஆனால் அவர் கட்டுப்பாட்டைப் பிடுங்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு போய் நின்றது. விமானம் தேறவில்லை. ஆட்களில் ஒருவருக்கு மட்டும் சிறு காயம்.

நடந்தது என்னவென்றால், விமானம் தரையில், பலத்த காற்றில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தபோதே, மூக்கை ஏற்றி இறக்க உதவும் வால் தகடான எலிவேட்டர் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. எம்டி-80 குடும்பத்தில் பைலட் இழுக்கும் கம்பி எலிவேட்டரை நேரடியாக அசைப்பதில்லை. அதன் ஓரத்தில் இருக்கும் சிறு தகட்டைத்தான் அசைக்கும், பறக்கும்போது காற்றுதான் எலிவேட்டரைத் திருப்பும். ஆகையால் தரையில் செய்யும் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. செக்லிஸ்ட்டில் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் இருவரையுமே பாராட்டியது. விதியை மீறிய கேப்டனை, பறக்காத விமானத்தைப் பறக்கவைக்க முயலாமல் நிறுத்தியதற்காக. பக்கத்தில் இருந்தவரை, நிறுத்துவது என்ற முடிவு எடுத்தாகிவிட்டது என்றதும் விதிப்படி தலையிடாமல் இருந்ததற்காக. அவர் லீவரை மறுபடி முன்னால் தள்ளியிருந்தால் பேரழிவாகியிருக்கும். ஒரே காக்பிட்டில், ஒரே நேரத்தில், ஒருவர் விதியை விட்டதும் மற்றவர் விதியைப் பிடித்ததும் சேர்ந்துதான் 116 பேரைக் காப்பாற்றின. ஓடுபாதைக்கு அப்பால் தடையில்லாத நிலம் இருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

கேப்டன் செய்தது முரட்டுத்தனம் இல்லை. வி1-க்குப் பிறகு "போ" என்ற விதிக்கு அடியில் "விமானம் பறக்கும்" என்ற நிபந்தனை இருக்கிறது. மேலே சொன்ன திறந்த கதவு இதுதான்.

உள்ளுணர்வை எவ்வளவு நம்பலாம்?

இதைப் படித்துவிட்டு, உணர்வுதான் எல்லாம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸ் 407, ஏர்பஸ் ஏ340-500. கணக்கீட்டுக் கருவியில் எடையை 362.9 டன் என்று போடுவதற்குப் பதில் 262.9 என்று போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு இலக்கம். 100 டன் குறைவு என்று நம்பிய கருவி குறைந்த வேகங்களையும் குறைந்த உந்துவிசையையும் தந்தது. விமானம் மந்தமாக ஓடியதை ஓடுபாதையின் முடிவு நெருங்கும் வரை யாரும் உணரவில்லை. மூக்கைத் தூக்கியபோது வால் தரையில் உரசியது. கேப்டன் உடனே முழு உந்துவிசை கொடுத்தார். ஓடுபாதையைத் தாண்டி எப்படியோ எழும்பியது. 275 பேரும் பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கினார்கள்.

ஏன் உணரவில்லை? இன்றைய விமானங்கள் பெரும்பாலும் முழு உந்துவிசையோடு கிளம்புவதில்லை. இன்ஜின் தேய்மானத்தைக் குறைக்க, அன்றைய எடைக்குப் போதுமான அளவு மட்டும் கொடுப்பார்கள். இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி. முதுகில் அழுத்தும் தள்ளல் ஒவ்வொரு நாளும் மாறினால் "இது சரியில்லை" என்று முதுகுக்கு எப்படித் தெரியும்? பழைய பைலட்டுகள் பெருமையாகச் சொல்லும் அந்த உணர்வு, பழக்கத்திலிருந்து வருவது. பழகவே விடாத இடத்தில் அது வராது.

நம் திருச்சியிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி, துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமான நிலையச் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு பறந்தது. 136 பேர் இருந்தார்கள். மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. ஓடுபாதையில் ஓடும்போது கேப்டனின் இருக்கை முதுகு திடீரென்று பின்னால் சரிந்திருக்கிறது. கை த்ரஸ்ட் லீவரில் இருந்ததால் லீவரும் கூடவே பின்னால் வந்துவிட்டது. ஆம், விதிப்படி இருக்க வேண்டிய அதே கைதான். கோ-பைலட் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார். உந்துவிசை குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை. இருக்கை சரியும்போது என்ன செய்வது என்று எந்தக் கையேடும் ஒரு பக்கம் ஒதுக்காது. அப்படி ஒரு குழப்பம் வந்ததும் கருவியை மறுபடி ஒருமுறை பார்ப்பது என்பது பறத்தலின் அடிப்படைப் பழக்கம்.

இன்ஜின் நிற்கும்போதும் இதே கதைதான். செய்முறை மிகத் தெளிவு: நேராக வைத்துக்கொள், ஏறு, 400 அடி வரையிலாவது எதையும் அணைக்காதே, அணைக்கும் முன் இருவரும் சேர்ந்து எந்த இன்ஜின் என்று உறுதிசெய். அவசரப்படாதே என்பதைத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235-இன் கேப்டன் இதை விட்டு, ஓடிக்கொண்டிருந்த நல்ல இன்ஜினை அணைத்தார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். ஆனால் அந்த "நேராக வைத்துக்கொள்" என்பதற்குள் இருப்பது முழுக்கக் கால்வேலை. நின்ற இன்ஜின் பக்கம் மூக்கு திரும்பும். மறுபக்க ரடர் பெடலை மிதிக்க வேண்டும். எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதைப் புத்தகம் சொல்ல முடியாது. சிமுலேட்டரில் மிதித்து மிதித்துத்தான் காலுக்கு வரும்.

இன்றைய வாதம்

2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை, பைலட்டுகள் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கும்படி நிறுவனங்களுக்கு ஓர் அறிவிப்பு விட்டது. தானியங்கிக் கருவிகளைத் தொடர்ந்து நம்பியிருந்தால் கை மங்கிப்போகும் என்ற கவலைதான் காரணம். டேக்-ஆஃப் இன்னும் பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது. ஏர்பஸ் 2019 டிசம்பரில் துலூஸில் ஏ350 ஒன்றைத் தானாகவே எழும்பவைத்துக் காட்டியது, அது சோதனை.

கையால் நடப்பதால் கை நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2017 மார்ச் 11 அன்று, கடல்மட்டத்திலிருந்து எட்டாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் பொகோட்டாவில், பாரிஸுக்குக் கிளம்பிய ஏர் பிரான்ஸ் ஏ340 ஓடுபாதையின் முடிவைச் சில அடி உயரத்தில்தான் தாண்டியது. இன்ஜின்கள் நன்றாகத்தான் இருந்தன. எடையும் கணக்கும் சரி. மூக்கைத் தூக்கிய வேகம்தான் குறைவு. கணக்கீடு விநாடிக்கு 3 பாகை தூக்குவார்கள் என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது. விசாரணையில் மற்ற டேக்-ஆஃப்களையும் பார்த்தபோது அன்றாட வழக்கம் 2 பாகையை ஒட்டியே இருந்தது. வேகமாகத் தூக்கினால் வால் உரசும் என்ற பயம் நீளமான விமானங்களை ஓட்டுபவர்களுக்கு எப்போதும் உண்டு. மெதுவாகத் தூக்கினால் ஓடுபாதை தீர்ந்துபோகும் என்ற பயம் அந்த அளவுக்குப் பழக்கப்படவில்லை.

இங்கே விதிக்கட்சியும் கைத்திறன் கட்சியும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. விநாடிக்கு 3 பாகை என்று கையேட்டில் எழுதலாம். மூக்கு எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்று காக்பிட் திரையும் காட்டும். ஆனால் அது என்ன வேகத்தில் உயர்கிறது என்று காட்டும் எண் அந்தத் திரையில் கிடையாது. இரண்டு பாகைக்கும் மூன்று பாகைக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கும் கைதான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரியாகப் பழகியதா என்பது விமானம் இறங்கிய பிறகு, பதிவுக் கருவியின் தரவை யாராவது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.